ஓ நெகட்டிவ் பராசக்தி

இணுவிலில் பஞ்சலிங்கத்தை இரத்ததான சங்கத் தலைவர் என்று ஆரும் நீட்டிச் சொல்வதில்லை. 'ரத்தக்காரப் பஞ்சலிங்கம்' என்றாலே போதும். கூட்டங்களில் அவருக்கு முன்வரிசையில் கதிரை இருந்தது. பொன்னாடையும் மாலையும் அடிக்கடி விழுந்தன. ஆனால் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். தன் கையை ஒருநாளும் நீட்டியதில்லை. நீட்டியவள் தங்கை பராசக்தி.

அவளுக்கு ஓ நெகட்டிவ். நூறு பேரில் தேடினால் இரண்டு மூன்று பேருக்குத்தான் அந்த இனம் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் பஞ்சலிங்கம் சைக்கிளை எடுப்பார், அவள் பின்னால் ஏறுவாள். முப்பது கடந்தும் கலியாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் தையல் மெசின் மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு, முதலில் அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. தன்னிடம் உள்ளது இன்னொருவருக்கும் வேண்டியிருக்கிறது என்ற சந்தோஷம்.

பிறகு களைப்பு வந்தது. கிணற்றில் இரண்டு வாளி அள்ளினால் மூச்சு வாங்கியது. படுத்தால் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருந்தது; எழுந்து நடந்தால்தான் அடங்கும். தலை வாரினால் சீப்பு நிறைய மயிர். எல்லாவற்றையும் விட வெட்கம், அரிசிப் பானையைக் கடக்கும்போதெல்லாம் கை தன்பாட்டில் உள்ளே போனது. பச்சை அரிசியை வாயில் போட்டு நறுநறுவென்று கடித்தால்தான் மனம் ஆறியது.

அண்ணன் மனைவி குணலட்சுமி அதை ஒருநாள் கண்டுவிட்டாள்.

"கோழி மாதிரி அரிசி கொறிக்கிறாய். வேலை செய்யச் சொன்னா மட்டும் களைப்பு."

பராசக்தி இரத்தம் எடுக்கிற இடத்தில் களைப்பைப் பற்றி ஒருதரம் வாய் திறந்தாள். விரலில் குத்திய துளியை நீலத் தண்ணீரில் விட்டார்கள். தோட்டக்காரர் மருந்தடிக்கிற அதே மயில்துத்தம் கரைத்த தண்ணீர்தான். துளி கீழே போனது; தாழ்ந்தால் இரத்தம் போதும், மிதந்தால் போதாது என்பது கணக்கு. "தாண்டிட்டுது. ஒரு பிழையுமில்லை," என்றார்கள். பிழை தன்னுடைய மனதில்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

அருந்ததி என்ற இளம் டொக்டர் அங்கே வேலைக்கு வந்தார். அவர்தான் முதன்முதலாக அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். நரம்பை அல்ல, நகத்தை. நகங்கள் நடுவில் குழிந்து, ஓரம் மேலெழும்பிக் கிடந்தன.

"அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. பச்சை அரிசி, மண், சோக்கட்டி, அப்பிடி ஏதும் தின்னோணும் போலை வாறதோ?"

பராசக்திக்குக் கண் கலங்கியது. "ஓம். அது விசரோ டொக்டர், மூளைக் கோளாறோ?"

"விசரில்லை. இரும்புச்சத்துக் குறைவு. இந்தத் துளி தொட்டியிலை எவ்வளவு தண்ணி நிக்குது எண்டுதான் காட்டும். உங்களுக்குக் கிணறே வத்திப்போச்சு."

அன்று அவர் இரத்தம் எடுக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றார். யுத்தத்தால் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான காலம். கர்ப்பிணிகளுக்கென்று வைத்திருந்த இரும்புக் குளிசையில் கொஞ்சத்தைக் கடதாசியில் சுற்றித் தந்தார். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம், முருங்கையிலைக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள் என்றார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஆராவது இதைக் கேட்டிருந்தா, குளிசை தந்து, இடைவெளி விட்டு எடுத்திருக்கலாம். நீங்களும் நல்லா இருந்திருப்பியள், ரத்தமும் கிடைச்சிருக்கும்."

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் பஞ்சலிங்கம் வாய் திறந்தார்.

"வாற கிழமை சண்டிலிப்பாயிலை சங்கத்து ஆண்டுவிழா. முதல் ஆளா நீதான் ரத்தம் குடுக்கிறாய் எண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு."

"டொக்டர் கூடாதெண்டவ, அண்ணை."

"உவ நேற்று வந்தவ. அண்டைக்கு ரத்தம் எடுக்க வாறது வேறை ஆக்கள். இந்த ஒருக்காத்தான், பராசக்தி. என்ரை முகத்தைப் பார்."

அவர் வீட்டுச் சோறு, அவர் வீட்டுக் கூரை. அவள் போனாள். ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. துளி நீலத் தண்ணீரில் தயங்கித் தயங்கிக் கீழே போனது. அவசரத்தில் இருந்தவர்கள் தயக்கத்தைப் பார்க்கவில்லை. மாலை அண்ணன் கழுத்தில் விழுந்தபோது அவள் ஒரு மர வாங்கில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு மெசின் மிதிக்கவும் முடியவில்லை. மாடியேறாமலே நெஞ்சு படபடத்தது.

மாதம் ஒன்று கடந்திருக்கும். நாலு வீடு தள்ளி இருந்த தில்லைநாதன் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். அவருடைய மனைவி மரகதத்துக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து, இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் ஓ நெகட்டிவ். முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறியவள். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்துக்கு எதிர்ப்பு வளர்த்த உடம்பு வேறு இனத்தை ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

பராசக்தி செருப்பையும் தேடாமல் அண்ணனின் சைக்கிளில் ஏறினாள்.

அருந்ததி விரலில் குத்தினார். துளி நீலத் தண்ணீரின் மேலேயே நின்றது. இன்னொரு விரலில் குத்தினார். அதுவும் நின்றது. அவளது கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "திரும்பக் குடுத்தனீங்களோ?" என்றார்.

பராசக்தி அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"சண்டிலிப்பாயிலையோ?" டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "குளிர்ப்பெட்டிக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் அண்டைக்கு எடுத்த ரத்தம் முழுக்கப் பழுதாப்போய் ஊத்தினவை."

"பரவாயில்லை, எடுங்கோ டொக்டர். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்."

"ஏலாது அக்கா. இது தண்ணி. இதை ஏத்தி அவவுக்கும் பெரிசா ஒண்டும் ஆகாது, உங்கடை நெஞ்சு நிண்டுபோகும்."

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். டொக்டர்தான் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தார். பதினைந்து மைல் தள்ளிக் கொடிகாமத்தில் அதே இனத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு சைக்கிள் வந்து சேர்ந்தபோது மரகதத்தின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். பிள்ளை மட்டும் தப்பியது.

செத்தவீட்டுக்குப் போனபோது பராசக்திக்குப் பக்கத்தில் ஆரும் இருக்கவில்லை. பெண்கள் விலகி இருந்தார்கள். பிறகுதான் காரணம் தெரிந்தது. குணலட்சுமியே வாய்தவறிச் சொன்னாள்: கேட்டவர்களுக்கெல்லாம் பஞ்சலிங்கம், "என்ன செய்யுறது, கடைசி நேரத்திலை தங்கச்சி பயந்திட்டாள்," என்று சொல்லியிருந்தார்.

அவள் அழவில்லை. டொக்டர் தந்த குளிசைகளைத் தவறாமல் விழுங்கினாள். உடம்பு தேறியது. அரிசிப் பானை அவளை இழுக்கவில்லை; கால்கள் அடங்கின; முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியது. கோயில் வீதியில் எதிர்ப்பட்டவர்கள் அந்த நிறத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஒருநாள் காலையில் அவள் தில்லைநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார். ஆண்டுவிழாவில் கொடுத்ததையும், அது ஊற்றப்பட்டதையும், கையை நீட்டிக்கொண்டு இருந்ததையும் நின்றபடியே சொன்னாள்.

"உன்ரை அண்ணை வேறை மாதிரியெல்லோ சொன்னார்."

"தெரியும் தில்லையண்ணை. அதாலைதான் வந்தனான்."

அவர் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "இப்ப நல்லாத்தானே இருக்கிறாய்," என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பஞ்சலிங்கம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"உனக்குத் தேறிட்டுது போலை. எப்ப திரும்பக் குடுக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவ?"

"அவ சொல்லேக்கை நானே நடந்துபோய்க் குடுப்பன்," என்றாள் பராசக்தி. "உங்கடை சைக்கிளிலை இனி ஏறமாட்டன்."

அதையும் அவர் ஊருக்கு வேறு விதமாகவே சொன்னார்.