அமாவாசைத் தண்ணீர்

அத்தை பாட்டில்களைக் கழுவிவிட்டார்.

எல்லாம் சமையல் மேடையில் கவிழ்ந்திருந்தன. எலுமிச்சை சோப்பு வாசனை.

“இன்னா மாப்ள அப்டி பாக்கறீங்க? அமாவாசையாச்சே. வூட்ல கீற எல்லாத்தையும் தேச்சிட்டேன். பாட்டில் மேல ஒரே சேறு. பாப்பா சாமான் இப்டியா கெடக்கும்?”

என் மாமியார் கங்கம்மாள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்கும் பிரிவில் இருக்கிறார். கறையைக் கண்டால் விடமாட்டார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

பாப்பா என்பது சத்யப்பிரியா, என் மனைவி. அடையாறு கடலில் சேருமிடத்தில் உள்ள சேற்று நிலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் ஒரகடம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அந்த ஆற்றில்தான் போகிறது. வழியில் என்னென்ன கலக்கிறது என்பது அவள் கேள்வி. மாதம் ஒருமுறை, அமாவாசையன்று, கடல் நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் அந்தப் பாட்டில்களில் தண்ணீர் எடுக்க வேண்டும். அப்போதுதான் கடல்நீர் ஒதுங்கி, ஆறு கொண்டுவருவது தெரியும். பன்னிரண்டு மாதம் விடாமல் எடுத்தால் ஓராண்டு ஆய்வு. நடுவில் அவள் இறந்துபோனாள். காய்ச்சல். பிறகு அவள் தோழி ஷெர்லின் எடுத்தாள். ஷெர்லின் இப்போது பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறாள். கடைசி மாதத்தை நான் எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். இன்று தவறினால் சத்யா செய்தது அரைகுறையாக நின்றுவிடும்.

“சோப்பா?” ஷெர்லின் போனில் கத்தினாள். “அண்ணே, சோப்புல பாஸ்பேட் இருந்தா போச்சு. நாம ஆத்துல தேடுறதே அதத்தான்.”

“வேற பாட்டில்?”

“ஞாயித்துக்கிழமை. லேப் பூட்டியிருக்கும். ஆசிட்ல அலசிட்டு, உப்பே இல்லாத தண்ணில திரும்பத் திரும்ப அலசணும். அதுக்கு எங்க போவீங்க?”

“எங்க ஃபேக்டரில இருக்கு.”

“பெயின்ட் ஷாப்லயா? ஐயோ, அங்க பாஸ்பேட் தொட்டியே இருக்குமே!”

உண்மைதான். நான் வேலை செய்யும் பிரிவில், பெயின்ட் ஒட்டுவதற்காக இரும்பை முதலில் அந்தத் தொட்டியில்தான் முக்குவோம்.

“தொட்டிப் பக்கமே போகமாட்டேன். தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்லயே புடிச்சுக்கறேன்.”

திரும்பினால் அத்தை நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“நான்தான் கெடுத்துட்டனா?”

“சரி பண்ணிடலாம் அத்தை.”

அவர் சமையலறைக்குள் போனார். படையலுக்குச் சுட்ட வடையை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். பாட்டில்களை அடுக்கிய ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தார்.

தண்ணீர் பிளான்ட்டில் அன்று இசக்கியப்பன் ஷிப்ட். கல்யாணத்துக்கு முன் நானும் அவனும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் தென்காசிப் பக்கம்.

“ஏலே காசி, லீவு நாள்ல மாமியார ஃபேக்டரி சுத்திக் காட்டக் கூட்டியாந்தியா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“தண்ணிக்கு கேட் பாஸ் போடணும்ல. திருப்பிக் கொண்டுவார பொருளா, கொண்டுவராத பொருளான்னு செக்யூரிட்டி கேப்பான்.”

“ஆத்துக்குப் போற தண்ணி திரும்பி வராதுன்னு எழுது.”

அவன் ஒரு கணம் என்னையே பார்த்தான். நான் வேடிக்கையாகப் பேசி நாளாகிறது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

ஆசிட்டை அவனே தண்ணீரில் கலந்து கொண்டுவந்தான். பைக் நிறுத்துமிடத்தில் வைத்து அலசினோம். அத்தை அவனுடைய கையுறைகளைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். ஆசிட்டுக்குப் பிறகு சுத்தத் தண்ணீர். மறுபடி சுத்தத் தண்ணீர். கேன் காலியானது.

“போதும்க்கா, பாட்டில் தேஞ்சிரும்,” என்றான் இசக்கி.

“நீ சும்மா இரு தம்பி. கேன்டீனுக்கு ஆடிட்காரன் வந்தா இன்னும் அலசுவேன். இன்னொரு கேன் எடுத்துனு வா.”

ஷெர்லின் சொன்னபடி, ஒரு பாட்டிலில் அந்தச் சுத்தத் தண்ணீரையே நிரப்பி மூடினேன். சோதனையில் அதில் பாஸ்பேட் தென்பட்டால், கழுவியது போதவில்லை என்று அர்த்தம். மற்ற பாட்டில்களும் வீண்.

மதியத்துக்கு மேல் முகத்துவாரம் போய்ச் சேர்ந்தோம். கடல் இறங்கியிருந்தது. சேறு வெயிலில் மினுங்கியது. அலையாத்திச் செடிகளில் பிளாஸ்டிக் பைகள் தொங்கின. சத்யா நட்ட மூங்கில் கழி சாய்ந்தபடி நின்றது.

“பாப்பா இங்கயா நிப்பா?”

“அந்தக் கழிகிட்ட. முட்டி வரைக்கும் சேத்துல.”

“ஆபீஸ்ல ஃபேன் கீழ குந்திகினு கீறானு ஊர் பூரா சொல்லிகினு இருந்தேனே!” அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு டப்பாவைத் திறந்தார். “மாப்ள, இங்க ஒரு வடை வெக்கலாமா? இல்ல, அதுலயும் அந்த பாஸ்பேட்டு கீதா?”

“எண்ணெய் இருக்கு அத்தை. தண்ணி எடுத்தப்புறம் வைங்க.”

டப்பாவை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் இறங்கினேன். சேறு சூடாக இருந்தது. பாட்டில்களை நிரப்பினேன். திரும்பிக் கரையருகே வரும்போது ஒரு கால் புதைந்து வரவில்லை. அத்தை கரையிலிருந்து குனிந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

“போனா போவுது, பாப்பா வெச்சிக்கட்டும்,” என்றார். கல்லின் மேல் வடையை வைத்தார்.

மறுநாள் பாட்டில்களை லேபில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஷெர்லின் கூப்பிட்டாள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணே, அந்தச் சுத்தத் தண்ணில ஒண்ணுமே இல்ல. பாட்டில் எல்லாம் நல்லாருக்கு. ஆத்துத் தண்ணிலதான் பாஸ்பேட் ஏகமா இருக்கு. சத்யாவோட ஒரு வருஷமும் வந்துருச்சு.”

நான் தரையில் உட்கார்ந்தேன்.

“பாட்டிலு பாஸா?” என்றார் அத்தை.

“பாஸ்.”

“ஆத்துத் தண்ணி?”

“ஃபெயில்.”

“அந்தத் தண்ணிய எந்த சோப்பு போட்டுத் தேய்க்கிறதுன்னு தெரியலியே.” சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “அடுத்த அமாவாசைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும் மாப்ள? சீக்கிரம் சொல்லுங்க, நான் ஷிப்ட் மாத்திக்கணும்.”

பன்னிரண்டு மாதமும் முடிந்துவிட்டது, இனிப் போக வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஷெர்லின்,” என்றேன். “அடுத்த அமாவாசைக்குக் கடல் எத்தன மணிக்கு எறங்கும்?”