குல்ஷன் சொன்ன இடம்

ஷகீலா போனில், கூடப்பிறந்த அக்காவைத் தவிர யாருடைய எண்ணையும் பெயர் போட்டுப் பதிய மாட்டாள். 'கேஸ் அண்ணன்', 'மூணாவது மாடி அழுமூஞ்சி', 'பிளவுஸ் லேட் பண்றவங்க' என்றுதான் பதிவாள். பெயரா முக்கியம், ஆள் யாரென்று தெரிந்தால் போதாதா என்பாள். ஆம்பூரிலிருக்கும் அவளுடைய அக்கா குல்ஷன், ஷகீலாவின் மகள் அஃப்ராவுக்கு ஒரு வரன் சொன்னபோதும் அப்படித்தான். மாப்பிள்ளையின் அம்மா எண்ணை 'குல்ஷன் சொன்ன இடம்' என்று பதிந்துவைத்தாள். அந்த அம்மாவுக்கு அமீனா பீ என்று லட்சணமான பெயர் இருந்தது. அதைப் போட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கச்சேரி சாலையில் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஷகீலா எவர்சில்வர் தூக்கு நிறைய தம்ரூட் அல்வா செய்து கொண்டுபோயிருந்தாள். அங்கே சேமியா பாயசம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை காஷிஃப் நல்லபடியாகப் பேசினான். எல்லாம் முடிந்து, கணவர் காதர் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப, ஷகீலா மட்டும் மந்தைவெளிக்கு ஆட்டோ பிடித்தாள்.

வினையே அங்கேதான் ஆரம்பம். ஷகீலாவுக்கு எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கக் கூடாதா? ஆட்டோ நகர்ந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அக்காவுக்குப் பேசி அனுப்பலாமென்று 'குல்' என்று அடித்தாள். முதலில் வந்ததைத் தொட்டாள். வீட்டு வாசல்வரை வாய் ஓயாமல் பேசி அனுப்பிவிட்டு, மனபாரம் இறங்கின நிம்மதியோடு படியேறினாள்.

தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, அக்கா என்ன சொல்கிறாளென்று போனைப் பார்த்தாள். 'குல்ஷன் சொன்ன இடம்' என்பதற்குக் கீழே நீலக்கோடு இரண்டும் பளிச்சென்று இருந்தன.

விரல் போன இடத்தில் அழுத்தி அதை அழித்தாள். அழித்த பிறகுதான் அஃப்ராவைக் கூப்பிட்டாள். தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண், போனை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ உனக்கு மட்டும் அழிச்சிருக்கம்மா. அவங்க போன்ல அப்படியே இருக்கு."

"அப்போ எங்க போச்சு?"

"உன்கிட்டருந்துதான் போச்சு. அவங்ககிட்ட பத்திரமா இருக்கு. சரி, இன்னா பேசின அதுல?"

அதுதான் ஷகீலாவுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் பேசியவளுக்கு, பேசியது என்ன என்று தெரியவில்லை. பாயசம் தண்ணீராக இருந்தது என்று சொன்னது நிச்சயம். அந்த அம்மா அடுத்தவரைப் பேசவே விடவில்லை என்றும் சொன்னாள். மாப்பிள்ளையின் காது, காரின் இரண்டு கதவையும் திறந்து வைத்தது போலிருக்கிறது என்றும் சொன்ன மாதிரிதான் இருந்தது.

"காதைப் பத்தியுமா?" என்றாள் அஃப்ரா. அவளுக்கு அந்தக் காதுகளைப் பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை என்றாலும் முகம் சொன்னது.

ஷகீலா பயந்தது காதுக்காக அல்ல. அஃப்ராவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் இடத்தில் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கும் சமயத்தில் மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் அந்தக் கதை தெரிந்ததும் விலகிப்போனது. பெண்ணிடம் என்ன குறையோ என்று கேட்டவர்களும் உண்டு. இந்த இடமாவது கூடிவரட்டும், இரண்டு பக்கமும் மனசு ஒத்துப்போன பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று காதரும் ஷகீலாவும் முடிவு செய்திருந்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று அஃப்ரா சொன்னதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'அந்த விஷயத்தைச் சொல்லவா, வேணாமா' என்று ஷகீலா அக்காவிடம் புலம்பாத நாளில்லை. ஆட்டோவிலும் புலம்பினாளா? புலம்பின மாதிரியும் இருந்தது. அது முந்தின நாள் போனில் பேசியது போலவும் இருந்தது.

காதர் பாண்டி பஜாரில் புடவை ஃபால்ஸ், லைனிங் துணிக்கடை வைத்திருப்பவர். எதற்கும் பதறாதவர். அதனாலேயே ஷகீலாவுக்கு அவர்மேல் பாதி நாள் கோபம்.

"இப்ப இன்னா ஆயிப் போச்சு? தப்பா வந்துட்ச்சு, மன்னிச்சிக்கங்கன்னு சொல்லு. முடிஞ்சுது."

"எதுக்குன்னு மன்னிப்புக் கேக்கறது? அந்த விஷயத்த நான் சொல்லாம இருந்திருந்தா, மன்னிப்புக் கேக்கறேன்னு நானே போய்ச் சொன்ன மாதிரி ஆயிடும். சொல்லியிருந்து, பாயசத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டா, பொண்ணு விஷயத்த மறைக்கறேன்னு ஆயிடும்."

காதர் யோசித்தார். அவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பேஜாராத்தான் கீது" என்று எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து அமீனா பீயிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான்.

அந்தக் கட்டைவிரல் அந்த வீட்டைப் பாடாய்ப் படுத்தியது. சரி என்று அர்த்தமா, உங்கள் லட்சணம் தெரிந்துவிட்டது என்று அர்த்தமா? ஆம்பூருக்கு போன் போட்டுக் கேட்டால், குல்ஷன் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அவளும் பயந்துபோய், "நீ எதுவும் பேசாதடி, அவங்களே பேசட்டும்" என்றாள். அவர்கள் பேசவில்லை. திங்கள் போனது, செவ்வாயும் போனது. அஃப்ரா வேலைக்குப் போனாள், வந்தாள், எதையும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் எப்படி இருந்தாளோ அப்படியே ஆகிவிட்டாள். பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு பெற்ற பெண்ணின் வாழ்வை நானே கெடுத்துவிட்டேனே என்று ஷகீலா அடுப்படியில் நின்று அழுதாள்.

புதன்கிழமை அமீனா பீ போன் செய்தாள்.

"ஷகீலாம்மா, உங்க தூக்கு இங்கயே நிக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூச்சுவிடாமல் பேசின பொம்பளை, இரண்டே வாக்கியத்தில் வைத்துவிட்டாள்.

தூக்கு என்றதும் ஷகீலாவுக்கு அந்த வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. அவர்கள் உறவில் சம்பந்தம் வேண்டாமென்றால் யாரும் வாயால் சொல்லிக்கொள்வதில்லை. பலகாரம் வந்த பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். மற்ற நாளில் பாத்திரம் வெறுமையாகப் போகக் கூடாதென்று ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். ஆனால், வெறும் பாத்திரமென்றால் யார் கையிலாவது கொடுத்தனுப்புவதுதானே முறை? வரச்சொல்லி முகத்துக்கு நேராகக் கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

கச்சேரி சாலை வீட்டில் அமீனா பீ தனியாக இருந்தாள். தேத்தண்ணியும் உஸ்மானியா பிஸ்கட்டும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை மேடையில் தூக்கு கவிழ்த்து வைத்திருந்தது கூடத்திலிருந்தே தெரிந்தது. கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஷகீலா கொஞ்ச நேரம் பிஸ்கட்டை மென்றாள். பிறகு தாங்கவில்லை.

"ஆபா, எனக்கு அக்கா மாதிரி நீங்க. அந்தப் பாயசத்தைப் பத்தி நான் சொன்னதை மனசுல வச்சிக்காதீங்க."

அமீனா பீயின் புருவம் லேசாக உயர்ந்தது.

"தண்ணியா இருந்துச்சுன்னு சொன்னது தப்புதான். எங்க வீட்ல பாலை ரொம்ப நேரம் காய்ச்சுவோம், அந்தப் பழக்கம். அப்புறம், நீங்க யாரையும் பேச விடலன்னு சொன்னது... கலகலன்னு பேசறவங்க இருக்கற வீடு நல்லதுதானே. தம்பி காதையும் நான் குறையா சொல்லல."

"காஷிஃப் காதா?" என்றாள் அமீனா பீ.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஷகீலாவுக்கு எல்லாம் கைமீறிப் போய்விட்டதாகத் தோன்றியது. இவள் சுற்றி வளைக்கிறாள், பெரிய விஷயத்துக்கு வரட்டுமென்று காத்திருக்கிறாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அந்த நிச்சயம் நின்னுபோன விஷயத்த நாங்க ஏமாத்தணும்னு மறைக்கல ஆபா. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவங்களா வந்தாங்க, அவங்களா நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் வர்றவங்க எல்லாம் இவளையே குத்தவாளி மாதிரி பார்த்தாங்க. சொன்னா நீங்களும் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அவ சொல்லிடுன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமீனா பீ எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்தாள். அந்தச் செய்தியை ஓடவிட்டாள்.

ஆட்டோ இரைந்தது. ஹாரன் அடித்தது. லஸ் பக்கம் மெட்ரோவுக்குப் பூமியைத் தோண்டுகிற மெஷின் காதைப் பிளந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் யாரோ ஒரு பெண் விடாமல் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

ஷகீலா போனையும் அமீனா பீயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானும் காஷிஃபும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம்" என்றாள் அமீனா பீ. "ஒண்ணும் பிடிபடல. இன்னா அனுப்பினீங்கன்னு கேட்டா மரியாதையா இருக்காதுன்னு கட்டைவிரல் போட்டேன். நேர்ல கூப்பிட்டு உக்கார வையி, நீ வாயத் திறக்காத, அவங்கள பேச விடுன்னு அவன்தான் சொன்னான்."

ஷகீலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சொல்லாத எதையும் அந்தப் போன் சொல்லியிருக்கவில்லை. சொன்னதைக்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவளே ஆட்டோ ஏறி வந்து, பிஸ்கட்டும் தின்றுகொண்டு, தன் வாயால் சொல்லிவிட்டாள். போயே போச்சு என்று எழப் பார்த்தாள்.

"இருங்க, கடைசி கேளுங்க."

இரைச்சல் திடீரென்று நின்றது. ஆட்டோ எங்கோ சிக்னலில் நின்றிருக்க வேண்டும். ஷகீலாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

'எம் பொண்ணு வாய்விட்டுச் சிரிச்சு ரெண்டு வருஷமாச்சுக்கா. இன்னிக்கு அந்த வீட்லதான் சிரிச்சா.'

மறுபடி ஆட்டோ கிளம்பியது. அமீனா பீ போனை அணைத்தாள்.

"இது ஒண்ணுதான் விளங்குச்சு. அவ்ளோ லட்சணமான பொண்ணு ரெண்டு வருஷம் ஏன் சிரிக்காம இருந்துச்சுன்னு மூணு நாளா எனக்கு மண்டை குடைஞ்சுது. காஷிஃப்கிட்ட கேட்டா, எனக்கு இன்னாம்மா தெரியும்ன்றான். யாரைக் கேக்கறதுன்னும் தெரியல." அவள் ஷகீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான் விளங்குது."

ஷகீலா அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

அமீனா பீ கையை விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. தூக்கைத்தான் எடுக்கிறாள் என்று ஷகீலா செருப்பு கழற்றிய இடத்தைப் பார்த்தபடி எழுந்து நின்றாள். அடுப்பு பற்றியது. கொஞ்ச நேரத்தில் நெய்யில் சேமியா வறுபடுகிற வாசனை கூடத்துக்கு வந்தது.

"உக்காருங்க சம்பந்தி" என்றாள் அமீனா பீ உள்ளேயிருந்து. "பால் கெட்டியாகறதுக்கு நேரமாகும்."