சிப்பி இல்லாத நவம்பர்

தொலைபேசியை எடுத்ததும் மண்டலத் தலைவர் கவாசுமி சொன்னது அந்த எண்ணைத்தான்.

"நூத்தி அறுபத்தி நாலு, எபிஹாரா. பதினோரு கடையிலயும் நீதான் முதல். மத்தவங்க சராசரி தொண்ணூத்தெட்டைத் தாண்டல."

"போன நவம்பரோட ஒப்பிட்டுத்தானே?"

"பின்ன, எதோட ஒப்பிடுவாங்க? நாளைக்குக் கூட்டத்துல மூணு நிமிஷம் பேசு. துக்கத்துலேர்ந்து எப்படி எழுந்து வந்தேன்னு. ஜனங்க கண் கலங்கணும்."

எபிஹாரா சரி என்றான். எதற்கும் சரி என்பது இந்த ஓராண்டில் பழகிவிட்டது.

நீகாத்தாவில் ஒரு பேரங்காடியின் அடித்தளத்தில் இருக்கும் வறுவல் கடைக்கு அவன் மேலாளர். முந்தைய நவம்பர் முழுவதும் அவன் கடையில் இல்லை. மருத்துவமனையில், மனைவி மிஹோவின் கட்டிலருகே இருந்தான். இருபத்தெட்டாம் தேதி அவள் இறந்தாள். கடையை ஓகாதா என்ற ஒப்பந்த ஊழியர் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டின் விற்பனையை நூறு என்று வைத்தால், அந்த மாதம் அறுபத்தொன்று. இந்த நவம்பரில் மறுபடி நூறு. முப்பத்தொன்பது சதவீதம் விழுந்து, அறுபத்துநான்கு சதவீதம் ஏறி, கடை பழைய இடத்தில்தான் நின்றது. ஏறிய கணக்கை மட்டும் பார்த்தால் மலை.

கூட்டத்துக்கான அட்டவணை மாலையில் எல்லாக் கடைகளுக்கும் தொலைநகலில் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அப்போது பொறுப்பில் இருந்தவரின் பெயர். நூற்றுக்கு நேராக எபிஹாரா. அறுபத்தொன்றுக்கு நேராக ஓகாதா.

ஓகாதா அதை எண்ணெய்ச் சட்டிக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். ஐம்பத்திரண்டு வயது. எதையும் கேலியாகத்தான் தொடங்குவார்.

"பன்னெண்டு வருஷத்துல ஹெட் ஆபீஸ் பேப்பர்ல என் பேரு வர்றது இதான் முதல் தடவை. பிரேம் போட்டு மாட்டிரலாமா மேனேஜர்?"

"ஓகாதா சான், உங்க ஒப்பந்தம் மார்ச்சுலதானே முடியுது?"

"ஆமா. சராசரி எண்பதுக்குக் கீழ இருந்தா நீட்டிக்க மாட்டாங்க. நான் பொறுப்புல இருந்ததே ஒரு மாசம். ஒத்த எண்ணுக்கு சராசரி போட கால்குலேட்டர் எதுக்கு?" சட்டியிலிருந்து சிப்பி வறுவல்களை அள்ளிக் கம்பித் தட்டில் வடியவிட்டார். "நாளைக்கு நல்லாப் பேசுங்க. எண்ணெய மாத்தினோம், அதான் கூட்டம்னு சொல்லுங்க. நம்பிருவாங்க."

அவன் சிரிக்கவில்லை. சிப்பிகளைப் பார்த்தான்.

நவம்பர் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிப்பி வறுவல். அதற்கான முன்பதிவுத் தாளை அக்டோபர் இருபதுக்குள் தொலைநகலில் அனுப்ப வேண்டும். முந்தைய ஆண்டு அவன் தாளை நிரப்பினான், கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையும் வைத்தான். அப்போது மருத்துவர் அழைத்தார். தாள் பைக்குள் போனது. மிஹோவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து பையைக் காலி செய்தபோது மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. ஏன் சிப்பி இல்லை என்று தலைமையகம் கேட்டபோது, "என் கவனக்குறைவு" என்று ஓகாதா சொல்லியிருந்தார். அதுவும் அவனுக்குத் தெரியும். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தான். பதினோரு மாதம் அது அங்கேயே இருந்தது.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனான்.

மூன்று நிமிடத்தில் அவனுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. கடை எங்கும் ஏறவில்லை, இருந்த இடத்துக்குத் திரும்பியிருக்கிறது என்றான். விழுந்ததற்குக் காரணம் இந்தத் தாள் என்று சொல்லி உயர்த்திக் காட்டினான். முத்திரை தன்னுடையது என்றான். யாரும் கண் கலங்கவில்லை. அடுத்த கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

இடைவேளையில் கவாசுமி அவனைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"ஏறலன்னு எனக்குத் தெரியாதா? அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். வருஷக் கடைசியில மேல போற ஒரு கோடு வேணும், அவ்வளவுதான். உன்னை யாரு கோட்ட அழிக்கச் சொன்னது?"

"ஓகாதா சான் பேர்லேர்ந்து அந்த எண்ண எடுத்துருங்க."

"எடுத்து? அந்தக் கட்டம் காலியா இருக்க முடியாது. யார் பேராவது வேணும்."

"என் பேரப் போடுங்க."

"ரெண்டு வருஷ சராசரி எண்பதரை ஆகும். மேலாளருக்கு எண்பத்தஞ்சு வேணும். ஏப்ரல்ல பதவி போய், நாகஓகா சமையல்கூடத்துக்குத்தான் போவ."

"அவங்களுக்கு?"

"பொறுப்பே ஏத்துக்காதவங்களுக்குக் கடையோட இந்த வருஷ எண்ணு. நூறு. தப்பிச்சிருவாங்க."

"சரி."

திருத்திய அட்டவணை அவனுக்கு முன்பே கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஓகாதா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்களுக்கு இப்ப நூறு."

"நூறு கடையோடது. என்னுது அறுபத்தொண்ணு." கத்தி நின்றது. "சிப்பி இல்லாம, ரெண்டு பேர வச்சுக்கிட்டு அறுபத்தொண்ணு. ஐம்பதுகூட வராதுன்னாங்க. பன்னெண்டு வருஷத்துல நான் நடத்தின ஒரே மாசம் அது. இப்ப அந்த மாசம் நான் எங்க இருந்தேன்?"

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான்.

"என்னன்னு? ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, சிப்பி எங்கன்னு கேக்கச் சொல்றீங்களா?"

மறுபடி நறுக்கத் தொடங்கினார். சற்றுக் கழித்து, தணிந்த குரலில், "வேலை போகாதுல்ல. அதுக்கு நன்றி. ஆனா கேட்டிருக்கணும்" என்றார்.

அவன் அட்டவணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். மாதாந்தரக் கோப்பில் பழைய அட்டவணையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். வைத்தான். முத்திரை குத்தும் முன் ஒரு முறை படித்தான்.

நவம்பர். முந்தைய ஆண்டு, ஒன்றாம் தேதி முதல் முப்பதாம் தேதி வரை. பொறுப்பில் இருந்தவர்: எபிஹாரா. பொறுப்பாளர் வருகை: நூறு சதவீதம்.

இருபத்தெட்டாம் தேதியும் அதில் இருந்தது. காகிதத்தில் அவன் அன்றைக்குக் கடையில் நின்றிருந்தான். அப்படியென்றால் மிஹோவின் அருகில் யாரும் இல்லை.

வெளியே ஓகாதா கூப்பிட்டார். வரிசையில் எட்டுப் பேர், சட்டிக்கு ஆள் வேண்டும். அவன் முத்திரையைக் குத்திவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டான்.