மட்டி தின்ன வந்த உள்ளான்கள்

மண்டைதீவுக் கடற்கரைச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்களில் யூலியானாவுக்குக் கை வேகம். வாயும் அதற்குக் குறைந்ததல்ல. பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி சேற்றுக்கரையில் நின்று பறவை பார்க்கிறாள், அழிந்துவரும் அந்தப் பறவைகளுக்காகக் கரையை மறித்து வேலி போடப்போகிறார்கள் என்று ஊரில் கதை அடிபட்டது. போய்க் கேட்கும் பொறுப்பை எல்லோரும் யூலியானாவின் தலையிலேயே கட்டினார்கள்.

தை மாதக் காலை. கடல் வற்றிக் கிடந்தது. கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு யூலியானா கூடையோடு போனாள். அங்கே அந்தப் பெண் தொடையளவு சேற்றில் புதைந்து, தொலைநோக்கியையும் ஒரு சின்னப் போத்தலையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“அக்கா, கால் எடுக்க ஏலாமல் கிடக்கு.”

சேற்றில் புதைந்து நிற்பவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? யூலியானா அவள் கையைப் பற்றி இழுத்தாள். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரித்து முடிந்த பிறகுதான் யூலியானாவுக்கு வந்த காரியம் நினைவு வந்தது.

“நீர் எங்களை மறிக்க வந்தனீரோ?”

அவள் பெயர் துஷாந்தி, ஊர் சரவணை. வேலி போடும் அதிகாரமெல்லாம் தனக்கு இல்லை என்றாள். பெரிய உள்ளான் என்ற அந்தப் பறவை சைபீரியாவிலிருந்து வருகிறது; வழியில் அது தங்கும் சேற்றுக்கரைகளை மண் போட்டு மூடிவிடுவதால் அருகிப்போகிறது; மாரியில் இங்கே என்ன தின்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கவே வந்தேன் என்றாள். போத்தலில் இருந்தது உள்ளானின் எச்சம்.

அவள் அதைத் தண்ணீரில் கழுவி, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தாள். உள்ளே முழுக்க நொறுங்கிய மட்டி ஓடு. பறவை மட்டியை முழுசாக விழுங்கி வயிற்றுக்குள் உடைக்குமாம். ஓட்டின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தால், ஒரு மட்டி சின்னவிரல் நகத்தின் பாதிகூட வராது. யூலியானா தன் கூடையைப் பார்த்தாள். அவ்வளவு சின்னதை அவள் ஒருநாளும் எடுப்பதில்லை.

“அப்ப அதுகளுக்கும் எங்களுக்கும் சண்டையில்லை.”

“இதுவரைக்கும் அப்பிடித்தான் தெரியுது அக்கா. மாரி முடியுமட்டும் பாக்கோணும்.”

அன்று முதல் இருவரும் சேர்ந்தே சேற்றில் இறங்கினார்கள். கடல் பெருகும்போது உள்ளான்கள் தரவை வெளியில் தேங்கிக் கிடக்கும் ஆழமில்லாத தண்ணீருக்குப் பறந்துபோய் ஒற்றைக்காலில் உறங்கின. ஒருநாள் அங்கே ஒரு நாய் பாய்ந்து, கூட்டம் முழுவதையும் கலைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள் யூலியானா. அது அவள் வீட்டு நாய். அன்று மாலையே அதைக் கட்டிப்போட்டாள். பிறகு வீடு வீடாகப் போய் மற்ற நாய்களையும் கட்டச் சொன்னாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. எச்சத்தில் பெரிய மட்டியின் ஓடு கடைசிவரை அகப்படவில்லை. துஷாந்தி அதை மட்டி பொறுக்கும் பெண்கள் எல்லோரிடமும் சொன்னாள். வேலிக் கதை அதோடு ஓய்ந்தது.

ஒரு பின்னேரம், நன்றாகக் கொழுத்த உள்ளான்கள் கூட்டமாக எழும்பி வடக்கே போயின. அவை மறையுமட்டும் யூலியானா கரையில் நின்றாள். அடுத்த மாரிக்கும் இங்கேதான் வருமா என்று அவள் புருசன் றொபேட் கேட்டான்.

“ஏன் வராதுகள்?” என்றாள் யூலியானா. “இஞ்சை சாப்பாடு நல்லது.”