ஜனவரியில் ஓர் அறை

முகத்தஸ் கோகந்து ஊரில், தன் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தாள். மனசு மட்டும் சமர்கண்டுக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது. ரயிலைவிட்டு இறங்குவாள். வாசலிலேயே டிராம் நிற்கும். உள்ளே ஏறினால் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் வெளுத்திருக்கும். விரலால் ஒரு வட்டம் துடைத்தால் அதற்குள் ஊர் மெல்ல நகரும். சியோப் சந்தை நிறுத்தத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. ஒரு சந்து, ஒரு மரக்கதவு, மாடியில் ஓர் அறை. அறைக்கு ஒரே ஜன்னல், ஜன்னல் முழுக்க நீலக் கும்மட்டம், அதன் மேல் பனி. வழியையெல்லாம் நோட்டில் வரைந்தே வைத்திருந்தாள். பூகோள டீச்சர் அல்லவா, வரைபடம் இல்லாமல் அவளுக்குக் கனவுகூட வராது.

நாற்பத்தேழு வயதில் ஹோட்டல் அறைமேல் என்ன இத்தனை ஏக்கம் என்று கேட்கலாம். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் அவளும் புருஷன் தொல்கினும் ஊர் ஊராகப் போகாமல் இல்லை. எல்லாம் கல்யாணம், சாவு, சுன்னத்து என்று போனதுதான். போன இடத்தில் ஆண்களுக்கு ஓர் அறையில் மெத்தை விரிப்பார்கள், பெண்களுக்கு வேறு அறையில். விளக்கணைத்த பிறகும் யாராவது ஒரு பெரியம்மா தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டிலோ ஒரே முற்றத்தைச் சுற்றிக் கொழுந்தன்மார் மூவரின் குடும்பம். கதவைச் சாத்தினால் தட்டுவார்கள், சாத்தாவிட்டால் தட்டாமலே வருவார்கள். யாரும் தட்டாத கதவுக்குப் பின்னால் புருஷனோடு மூன்று நாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஹோட்டல்காரிதான் போனில் மலைத்துப்போனாள்.

"ஜனவரியிலயா வர்றீங்க? எலும்பே நடுங்கும்க்கா. இங்க ஈ காக்கா இருக்காது."

"அதுக்குத்தாம்மா வர்றோம்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப மேல் அறையையே தர்றேன். பாதி வாடகை போதும். முதல் நாளே ஹீட்டரைப் போட்டு வைக்கிறேன்."

எல்லாம் கூடிவந்தது. தொல்கின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். மறுநாள் சாயங்காலம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"டிராம் ஞாயித்துக்கிழமையும் ஓடுதாம். யூல்தாஷ் அண்ணன்கிட்டயே கேட்டுட்டேன்."

முகத்தஸ் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். யூல்தாஷ் அவனுடைய பெரியப்பா மகன், சமர்கண்டில் இருப்பவர். சொந்தக்காரர் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்குவது அவர் முகத்தில் கரி பூசுவதற்குச் சமம். அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அவள் ஒரு வாரமாக மூச்சுவிடாமல் இருந்தாள்.

"ஏங்க, டிராம் ஓடுதான்னு கேக்க உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலயா?"

"நான் டிராமை மட்டுந்தான் கேட்டேன். அவருதான் எதுக்குன்னு தோண்டித் துருவினாரு."

"என்ன சொன்னாரு?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்னாரு. விருந்துக்கு வெட்ட ஆடு பாத்துட்டாராம். மெத்தையெல்லாம் உதறி அடுக்கியாச்சாம்."

அவளுக்கு அழுகை முட்டியது. அந்த மெத்தைகளை அவளுக்குத் தெரியும். ஆண்கள் அறையில் ஆறு, பெண்கள் அறையில் ஆறு. நோட்டை மூடினாள். டிராம் அவளை ஏற்றிக்கொள்ளாமலே பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அறை வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள்.

தொல்கின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனை அவள் கையிலிருந்து வாங்கினான். ஸ்பீக்கரைப் போட்டு அண்ணனையே கூப்பிட்டான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. நாங்க ஹோட்டல்லதான் தங்கறோம்."

"ஏண்டா, என் வீட்டுல உனக்கு என்னடா குறை?"

"ஒரு குறையும் இல்லண்ணே. உங்க வீட்டுல நான் உங்ககூடப் படுக்கணும். எனக்கு என் பொண்டாட்டிகூட இருக்கணும்."

சொன்னவனுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. இந்த வார்த்தையை அவன் இத்தனை வருடத்தில் அவளிடமே சொன்னதில்லை. முகத்தஸ் மூடிய நோட்டை மறுபடி திறந்தாள்.

"வெக்கங்கெட்ட பயலே! ஷோயிஸ்தா, இந்தா, இவன் பேசறதை நீயே கேளு!" என்று யூல்தாஷ் மனைவியிடம் போனைக் கொடுத்தார்.

ஷோயிஸ்தா போனோடு எங்கோ நடப்பது கேட்டது. ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"முகத்தஸ், இருக்கியா?"

"இருக்கேன்க்கா. மன்னிச்சுக்குங்க, அவரு ஏதோ…"

"அதை விடுடி. இங்க மருமகளுங்க ரெண்டு பேரு, பேரப்பசங்க அஞ்சு." குரல் இன்னும் தாழ்ந்தது. "அந்த ஹோட்டல்ல இன்னொரு அறை காலியா இருக்குமா? ஒரே ஒரு ராத்திரி போதும். ஆனா உங்க பக்கத்து அறை வேணாம், தள்ளியே தரச்சொல்லு."