ஆட்டுத்தலையும் ஆறு வயதும்

ஜூமாலிக்குப் பாஸ்போர்ட்டில் எண்பத்திரண்டு வயது. உண்மையில் எழுபத்தாறுதான். டிராக்டர் வேலைக்குப் போனபோது வயது போதாமல், செத்துப்போன அண்ணனின் பிறப்புச் சான்றிதழை நீட்டிவிட்டார். பென்ஷன் ஆறு வருடம் முன்னாலேயே வந்தது. ஆனால் ருசியான லாபம் விருந்துகளில்தான். தெருவில் யார் வீட்டில் ஆடு வெட்டினாலும், ஊர் வழக்கப்படி அவித்த தலை வயதில் மூத்தவர் முன்னால் வந்து இறங்கும். பதினைந்து வருடமாக அந்தத் தட்டு ஜூமாலியைத் தாண்டிப் போனதில்லை. பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்த எதிர்வீட்டு ஷாத்திபெக், அது தனக்கு வரவேண்டிய தலை என்று முணுமுணுக்காத விருந்தும் இல்லை.

இந்த வசந்தத்தில் ஜூமாலியின் குடலில் புற்றுக்கட்டி என்று தெரிந்தது. மகள் நசீரா நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். லிப்ட் ஓடவில்லை. நாலு மாடியும் அவர் நடந்தே ஏறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றது மகள்தான். டாக்டர் அல்மாஸ் காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

"எண்பத்திரண்டா? இந்த வயசுல ஆபரேஷன், மருந்துன்னு அக்சகாலை எதுக்குப் படுத்தணும்? வீட்டுல வெச்சு நல்லா கவனிச்சுக்கோங்க" என்றார், மகளிடம்.

அக்சகால், அதாவது வெள்ளைத்தாடிப் பெரியவர் என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. அந்தப் பெரியவரோ, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் நசீரா. சாட்சி சொல்ல உயிரோடு இருந்ததோ ஒரே ஒருவர். ஜூமாலி இரண்டு நாள் முரண்டு பிடித்தார். மூன்றாம் நாள் தெருவைக் கடந்தார்.

ஷாத்திபெக் தேநீரைச் சாவகாசமாக ஊற்றிவிட்டுக் கேட்டாராம்: "அப்ப யாரு மூத்தவன்?"

"நீதான்டா."

"சத்தமா சொல்லு. என் பொண்டாட்டிக்குக் காது மந்தம்."

சத்தமாகச் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

மறுநாள் பதக்கம் குத்திய கோட்டும் பள்ளிக்கூடப் புகைப்படமுமாக ஷாத்திபெக், ஜூமாலியோடும் நசீராவோடும் அதே நாலு மாடியை ஏறினார். பாதியில் மூன்று முறை உட்கார்ந்தார் என்பது வேறு விஷயம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுபடி நசீராவைப் பார்த்தே பேசினார்.

"எழுபத்தாறுன்னாலும் பெரிய வித்தியாசமில்லம்மா. எழுபத்தஞ்சு தாண்டினா நாங்க பொதுவா தொடறதில்ல."

அதுவரை ஜம்பமாக நின்ற ஷாத்திபெக்கின் முகம் தொங்கிப் போனது. அவருக்கு எழுபத்தேழு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு தடவையாவது அவன் மூஞ்சியப் பாத்துக் கேளு. நடக்கறானா, திங்கறானான்னு. கேக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் முதல்முறையாக ஜூமாலியைப் பார்த்தார். "படி ஏற முடியுதா, ஐயா?"

"உங்க லிப்ட்டுதான் ஓடலையே. பறந்தா வந்தேன்?"

டாக்டர்கள் குழுவில் வைத்துப் பேசுவதாகவும், போனில் தேதி சொல்வதாகவும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த விருந்தில் தலை ஷாத்திபெக் முன்னால் வந்தது. அவர் ஒரு காதை அறுத்துப் பேரனிடம் கொடுத்துவிட்டுத் தட்டை ஜூமாலி பக்கம் தள்ளினார். இவர் திருப்பித் தள்ளினார். தலை ஆறிப்போனது.

இப்போது தினமும் காலையில் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஷாத்திபெக்கின் சத்தம் வருகிறது.

"போன் வந்துச்சாடா?"

"வரல."

முப்பத்தொரு நாளாக இதே கேள்வி, இதே பதில்.