வடக்கு வாசல்

எங்கள் ஊர் தேவாலயத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் ஊருக்கு. வடக்கு வாசல் செத்தவர்களுக்கும் எனக்கும்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் அதன் கோபுரம்தான் முதலில் கண்ணில் படும். வெள்ளைக்கார மிஷனரிகள் கட்டியது. கேட்டில் 'பாரம்பரியக் கட்டடம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். திருத்தணி மலைக்கு வருகிறவர்களில் சிலர்கூட இந்தப் பக்கம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். முன்பக்கம் உயரமான கருங்கல் படிகள். வடக்குப் பக்கம் படி கிடையாது, சரிவாகக் கல் பாவியிருக்கும். சவப்பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காக அந்தக் காலத்திலேயே அப்படிக் கட்டினார்கள். செத்தவர்களால் படியேற முடியாது என்று யோசித்த புண்ணியவான்களுக்கு, உயிரோடு இருந்தும் படியேற முடியாத ஒருத்தி வருவாள் என்று தோன்றவில்லை.

காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் நான் போன ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலி வந்த பிறகு, ஞாயிறுதோறும் வடக்கு வாசல் வழியாகத்தான் ஆராதனைக்குப் போனேன். கோயிலைக் கூட்டிப் பூட்டுகிற ஜெபசீலன் அண்ணன், "வந்துட்டியா எவா" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். அது பெட்டி போகிற வழி என்று யாரும் முகம் சுளித்ததில்லை. நானும் அதை மறந்தே போயிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் எல்லாருக்கும் அது ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை ஆல்பின், அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ரிப்பேர் பார்க்கிறவர். நான் வேலை செய்யும் இ-சேவை மையத்துக்கு ஆதார் திருத்த வந்தார். திருத்த ஒன்றும் இல்லாதபோதும் வந்தார். என் கால்களைப் பார்த்து உச்சுக்கொட்டாத முதல் ஆள் என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. அவருடைய அம்மா பிரேமகுமாரி மூன்று மாதம் அழுதுவிட்டுச் சம்மதித்தார். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நாங்க சகுனம் பாக்கறவங்க இல்லீங்க. வேதம் தெரிஞ்ச குடும்பம்தான்" என்று என் அப்பாவிடம் ஆரம்பித்தார். "ஆனா பொணம் போற வழியில மருமவ வந்தா ஊரு இன்னா பேசும்? நாளைக்கு என் புள்ளைக்கு ஒன்னு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"முன்னாடி எல்லாம் படியா இருக்குதுங்களே" என்றார் நைனா. நான் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் யோபு. பெயருக்கு ஏற்ற பொறுமை.

"நாலு ஆம்பளைங்க இல்லையா? சேரோட தூக்கினு போயிடலாம்."

"என்னைத் தூக்கக் கூடாது அத்தை" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எப்படிச் சொல்வது? விபத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைத் தூக்கியிருக்கிறார்கள். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர் வீட்டு மாடியில். உதவி செய்கிற கைகள்தான். ஆனால் யாருடைய கை எங்கே படும் என்று தீர்மானிப்பது நானில்லை. சில கைகள் வேண்டுமென்றே இடம் மாறும். அதற்கும் நான் நன்றி சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு நாள், என் கல்யாண நாளில், என் கையால் என் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் ஆல்பின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

நைனா கோயில் கமிட்டியிடம் போனார். முன்படியில் ஒரு நாளைக்கு மட்டும் பலகை போட்டுக்கொள்கிறோம், செலவு எங்களுடையது என்றார். பலகை போடுவது புதிதும் அல்ல. போன வருஷம் கோயிலைக் கட்டிய மிஷனரியின் வம்சத்து அம்மா ஒருவர் வெளிநாட்டிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தார். தச்சர் தணிகாசலத்தை வைத்துத் தேக்குப் பலகையில் சரிவு செய்து, அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரித்து, மாலை போட்டு ஏற்றினார்கள். அவர் அழுதார். எங்கள் ஊரும் சேர்ந்து அழுதது. நான் அன்றைக்கும் வடக்கு வாசல் வழியாகத்தான் போனேன்.

"அன்னைக்கே பலகை இடிச்சி படியோட ஓரம் பேந்துபோச்சி யோபு" என்றாராம் கமிட்டித் தலைவர். "பழைய கல்லு, அதுக்கப்புறம் எதுவும் போடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டோம். அவங்க விருந்தாளி. உம் பொண்ணு நம்ம பொண்ணு, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆல்பின் போனில் சமாதானம் செய்தார். "அம்மா கெடக்கறாங்க, விடு எவா. நீ எந்த வாசல்ல வந்தாலும் நான் உள்ள நின்னுகினு இருப்பேன்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் புடவை எடுக்கத் திருத்தணிக்குப் போனேன்.

கல்யாணத்தன்று வெள்ளைப் புடவையும் முக்காடுமாக வடக்குப் பக்கம் போனேன். சரிவில் ஏறும்போது நைனாவின் கையை நாற்காலியிலிருந்து விலக்கிவிட்டேன். நானேதான் உருட்டினேன். மேலே கதவில் பூட்டு தொங்கியது.

முதலில் ஜெபசீலன் அண்ணன் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே கீபோர்டு வாசிக்கிறார்கள், பேச்சுச் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டினேன். பேச்சு நின்றது. யாரும் திறக்கவில்லை. நைனா சுற்றிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

"சாவி சம்பந்தியம்மா பையில இருக்குதாம். ஜெபசீலன் கிட்டயிருந்து வாங்கி வெச்சிகினாங்களாம்."

பின்னாலேயே ஆல்பின் வந்தார். கோட்டு, பூச்செண்டு, கூட நான்கு ஆண்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி எங்க?" என்றேன்.

"எவா, இன்னிக்கி ஒரு நாள். நானும் ஒரு பக்கம் புடிச்சிக்கறேன். ரெண்டு நிமிஷம்."

"சாவிய வாங்கினு வாங்க. இல்ல, பாஸ்டர இங்க கூப்புடுங்க. இந்தச் சரிவுலயே தாலி கட்டுங்க, எனக்குப் போதும்."

"அம்மா மயக்கமா வருதுன்னு உக்காந்துட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்க. புரிஞ்சிக்கோ."

"நானும்தான் உக்காந்துகினு இருக்கேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருவார் என்றுதான் நம்பினேன். உள்ளே ஒரு கீர்த்தனை பாடி முடித்தார்கள். இன்னொன்றும் பாடினார்கள். அந்த நான்கு பேரும் வேப்பமரத்தடியில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் முன்பக்கம் மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆல்பின் சொன்ன சொல் தவறவில்லை. அதுவரை உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார். அதைத் தாண்டி வருவேன் என்று அவர் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒரு வாரம் போன் வந்தது. எடுக்கவில்லை. அழுகை நின்றதும் பசித்தது, சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். கல்யாணம் நின்றதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனபோது அதே பூட்டு தொங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

"கமிட்டியில பேசி முடிவு பண்ணிட்டாங்க எவா" என்றார் ஜெபசீலன் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "இந்த வாசலாலதான் இவ்ளோ வம்பாம். இனிமே சாவுக்கு மட்டும்தான் தெறக்கணுமாம். உன்னை வராதேன்னு சொல்லல. முன்னாடி வந்தா தூக்கிக்கலாம்னாங்க."

நான் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வீட்டில் உட்கார்ந்து மணிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். எந்தப் பாட்டு பாடுகிறார்கள் என்பதுகூட எங்கள் தெருவரை கேட்கும்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேளை அல்லாத வேளையில் மணி விட்டுவிட்டு அடித்தது. பெபி டீச்சர் இறந்துவிட்டார். எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவர், தப்பாகச் சொன்னாலும் மிட்டாய் கொடுத்தவர். அந்தச் செய்தி கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது டீச்சரின் முகம் இல்லை. கதவைத் திறப்பார்கள் என்பதுதான். என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அவசரமாகப் புடவை மாற்றினேன்.

பெட்டி வண்டி முன்னால் போனது. அதன் பின்னால் நான் போனேன். பூட்டு கழன்று கிடந்தது. சரிவில் நானே உருட்டி ஏறி, உள்ளே போய், கல்யாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். எல்லாரோடும் சேர்ந்து பாடினேன். டீச்சருக்காகவும் அழுதேன், பொய் சொல்லவில்லை.

கூட்டம் கல்லறைக்குப் புறப்பட்டது. ஜெபசீலன் அண்ணன் பூட்டோடு வந்து நின்றார்.

"எவா, பூட்டணும்."

"கொஞ்ச நேரம் அண்ணா."

அவர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வெகுநேரம் கழித்து ஒருமுறை இருமினார். நான் வெளியே வந்தேன்.

திரும்பும்போது தெரு சேறாக இருந்ததால் நைனா தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் தாண்டியதும், ரேஷன் கடைக்குப் போகிற சங்கதியைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"என் பெட்டி போறப்ப நீ அவசரப்படாத கண்ணு. எல்லாரும் போனப்புறமும் உக்காந்து, ஆற அமர ஜெபம் பண்ணிட்டு வா. ஜெபசீலன் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் பூட்ட மாட்டான்."

அவர் தள்ளிக்கொண்டே வந்தார்.